அத்தை கேட்ட பாலம்

எங்கள் பெரியப்பாவுக்குக் கேட்கத் தெரியும். ஊருக்கு எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் மாலையைப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, கோயிலுக்கு வளைவு என்று மூச்சுவிடாமல் அடுக்குவார். நிறையக் கேட்டால்தான் எதையாவது தருவார்கள் என்பது அவர் கணக்கு. அதுவரை யாரும் எதையும் தந்ததில்லை என்பது வேறு விஷயம்.

படப்பையிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்குப் பின்னால் இருந்தது எங்கள் ஊர். ஐப்பசியில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் பாதை மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடும். அது வடிகிற வரை யாரும் வெளியே போக முடியாது. எனக்குப் பள்ளிக்கூடம் லீவு என்பதால் கலங்கல் மேல் தனிப் பிரியம்.

எண்பதுகளின் கடைசியில், தாம்பரம் பக்கத்துப் பம்புசெட் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். கிராமத்தார் எதைக் கேட்கிறார்களோ அதைக் கம்பெனி செலவில் கட்டித் தருகிறார்களாம். வழக்கம்போல மாலை விழுந்தது. பெரியப்பா அடுக்க ஆரம்பித்தார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். லேடீஸும் சேர்ந்து சொல்லணும். அதை முழுசா செஞ்சு தர்றோம்" என்றார்.

பெரியப்பாவுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. ஒன்றை மட்டும் கேட்டுப் பழக்கமே இல்லாத ஊர். ஆளாளுக்குக் கத்தினார்கள். கடைசியில் கோயில் வளைவுதான் என்று முடியப்போன நேரத்தில் பெண்கள் பக்கமிருந்து, அன்று ஊருக்கு வந்திருந்த அத்தை எழுந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. ராஜகீழ்ப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே வாசலில் பஸ், கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. ஆனாலும் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று, முந்தின ஐப்பசியில் வளைகாப்பு போட்டு பெரியப்பாவே அழைத்து வந்திருந்தார். வலி கண்ட அன்று கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. கட்டிலோடு தூக்கிப் போய், தண்ணீர் வடியட்டும் என்று இக்கரையிலேயே காத்திருந்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

"பாலம் வேணும் அண்ணா" என்றாள் அத்தை, பெரியப்பாவைப் பார்த்து.

"உனக்கு இன்னாத்துக்குமா பாலம்? நீ வாழப்போன ஊர்லதான் தார் ரோடு கீதே" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்.

"எனக்கில்ல. தலைப்பிரசவம்னு இன்னும் எத்தினி பொண்ணுங்கள இங்க இட்டாரப் போறீங்க?"

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாலமே போட்டுக் குடுங்க சார்" என்றார். அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை.

மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. பெண்களைக் கலங்கலுக்கு அழைத்துப் போய், தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேட்டார். அவர்கள் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்கள். அவர் ஆள் உயரத்துக்குத் தூண் எழுப்பச் சொன்னார். வெயிலில் கூடவே நின்று, மழைக்கு முன்னால் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். திறப்பு விழாகூட வைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்த ஐப்பசியில் எதிர்வீட்டு அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வலி கண்டதும் ஆட்டோ வைத்துத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தையோடு அவள் திரும்புகிற அன்று அத்தை ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்து, பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே தண்ணீர் சுழித்து ஓடியது. ஆட்டோ பாலத்தில் ஏறி இறங்கி ஊருக்குள் போயிற்று. அது கண்ணிலிருந்து மறைகிற வரை பார்த்துவிட்டு அத்தை திரும்பி நடந்தாள்.

"வூட்டுக்கு வா அத்தை" என்று, பாலத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இதப் பாக்கத்தான்டி வந்தேன்" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அவ்வளவு தூரம் வந்தவள் வீட்டுக்கு வரவில்லை, எனக்கு ஒரு மிக்சர் பொட்டலம்கூட வாங்கி வரவில்லை என்று அன்று முழுக்க அம்மாவிடம் அத்தையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.