மஞ்சள் சேலை லோட் ஆகவில்லை

என் லேப்டாப்பில் விளம்பரமே வராது என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருப்பேன்? வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். காலுக்குச் சப்பாத்து வாங்கு, உல்லாசக் கப்பலில் ஏறு என்று ஊருக்கெல்லாம் கத்தும் இணையம், என்னிடம் மட்டும் வாய் திறக்காது. எல்லாம் என் கெட்டித்தனம் என்றுதான் நினைத்திருந்தேன்...

போன வாரம் அந்தக் கெட்டித்தனத்தின் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

என் மனைவி வதனி இங்கே ஸ்டுட்கார்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நாங்கள் ஜெர்மனிக்கு வந்த புதிதில் அதே கட்டடத்தில் தரை துடைத்தவள். பிறகு உதவியாளர். பிறகு நாற்பது வயதில், தன் வயதில் பாதி வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருந்து, மூன்று வருட அவுஸ்பில்டுங் — அதாவது தொழிற்படிப்பு — முடித்தாள். இந்த மாதத்திலிருந்து அங்கே ஒரு மாடி முழுவதற்கும் அவள்தான் பொறுப்பு. இல்லத்தின் இணையதளத்தில் படத்தோடு செய்தி போட்டிருக்கிறார்கள்.

லிங்க்கை அனுப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். திறந்தேன். தலைப்பு வந்தது. ஜெர்மனில் நாலு பந்தி எழுத்து வந்தது. படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்.

"என்னப்பா, ஒண்டும் சொல்லாமல் இருக்கிறியள்?"

"படம் வரேல்லை. அவையின்ர சைட்டிலதான் பிழை. நாளைக்கு ஒபிசில சொல்லும்."

"எல்லாருக்கும் வருது. கனடாவில அக்கா பாத்திட்டு அழுதுபோட்டா. இந்தாங்கோ, என்ர போனில பாருங்கோ."

நல்ல மனிதன் அந்தப் போனை வாங்கிப் பார்த்திருப்பான். நான் யார்? சொந்தக்காரர் வீட்டு கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் ஆயிற்றே! "வேண்டாம். இதிலயே வரப்பண்ணிப்போட்டுத்தான் பாப்பன்" என்றேன். அவள் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

ரீஃப்ரெஷ் செய்தேன். பிரவுசர் சேர்த்து வைத்திருந்த பழைய கேஷ் எல்லாம் அழித்தேன். ரவுட்டரைக் கழற்றி மாட்டினேன். லேப்டாப்பை அணைத்துப்போட்டு, அது மனம் மாறட்டும் என்று தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். ம்ஹும்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் வதனி கேட்டாள். "படம் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை. அனேகமா ரவுட்டர்தான்..."

"வேலையில எல்லாரும் பாத்து வாழ்த்திப்போட்டினம். நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டுதான் நான் பாத்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் ரவுட்டரோட நிக்கிறியள்."

சுருக்கென்றது. அதற்குப் பிறகும் போனைக் கேட்டு வாங்க ரோஷம் விடவில்லை. மேல்மாடியில் இருக்கும் கார்த்திக்கைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்க்காரர், கார் கம்பெனி இன்ஜினியர். வந்தவர் வெள்ளைக் கட்டத்தைக் குனிந்து பார்த்தார்.

"சார், பாக்ஸுக்குள்ள ஒரு லைன் இருக்கு, படிச்சீங்களா? படத்துல என்ன இருக்குன்னு எழுதி வச்சிருப்பாங்க. கண்ணு தெரியாதவங்களுக்காகப் போடுறது."

படித்தேன். 'எங்கள் புதிய பொறுப்பாளர், மஞ்சள் சேலையில், வாய்விட்டுச் சிரிக்கிறார்.'

மஞ்சள் சேலையா?

எங்கள் வீட்டில் மஞ்சள் சேலை ஒன்றுதான் உண்டு. இந்த நாட்டில் என் முதல் சம்பளத்தில் நான் வாங்கிக் கொடுத்தது. இங்கே தபால் வண்டியெல்லாம் மஞ்சள். "இதைக் கட்டினால் நான் தபால் வண்டி மாதிரி இருப்பன்" என்று சிரித்துவிட்டு வதனி அதை அலுமாரிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அது வெளியே வந்து நான் பார்த்ததில்லை. அதையா?

"சார், பிரச்சினை சைட்ல இல்ல. உங்க பிரவுசர்லயே மொத்த இமேஜஸையும் பிளாக் பண்ணி வச்சிருக்கு. யார் பண்ணது?"

வேறு யார்... நான்தான். அகதி முகாமில் இருந்த காலத்தில் நாலு குடும்பத்துக்கு ஒரே ஒரு இன்டர்நெட் ஸ்டிக். படம் இறங்க விட்டால் டேட்டா மத்தியானத்தோடு காலி. அதனால் படங்களைத் தடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு எத்தனை லேப்டாப் மாற்றினாலும் அதே கணக்கில் நுழைந்ததால் அந்த செட்டிங்கும் கூடவே வந்திருக்கிறது. செய்தி, வங்கி, இந்தப் பத்தி — இதுதான் என் இணையம். படம் எங்கே என்று ஒரு நாளும் தேடியதில்லை. விளம்பரம் வராத ரகசியமும் இதுதான்!

கார்த்திக் பூட்டைத் திறந்தார். வெள்ளைக் கட்டம் நிறைந்தது.

நீண்ட நடைபாதை. சக்கர நாற்காலிகளில் நாலைந்து முதியவர்கள். அவர்கள் நடுவில் மஞ்சள் சேலையில் வதனி. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துகிறவள், இதில் பொத்தவில்லை. ஒரு காலத்தில் அவள் துடைத்த அதே தரையில் நிற்கிறாள். பெருமை என்றால் அப்படியொரு பெருமை எனக்கு. கண் கலங்கியதையும் மறைக்கவில்லை.

பின்னால் குரல் கேட்டது. "போட்டோவுக்கு என்ன உடுப்பு எண்டு கேட்டவை. நான்தான் இதைக் கட்டிக்கொண்டு போனனான். என்ன, தபால் வண்டியோ?"

"ராசாத்தி மாதிரி இருக்கிறீர்" என்றேன். கார்த்திக் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

"இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு இன்ஜினியர் வேண்டியிருக்குது" என்றாள் வதனி. ஆனால் போகவில்லை. என் கதிரையில் சாய்ந்து நின்று தானும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பக்கத்தைத் திறந்தால்... சப்பாத்து, கப்பல், காது கேட்கும் கருவி, எல்லாம் ஒன்றாகப் பாய்ந்து வந்தன. "எல்லாத்தையும் ஓப்பன்லயே விட்டுடவா சார்?" என்றார் கார்த்திக். வேண்டாம் என்றேன். பழையபடி பூட்டிவிட்டு, இல்லத்தின் அந்த ஒரு இணைய முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுக்கச் சொன்னேன்.

இப்போது என் லேப்டாப்பில், இணையம் முழுவதிலும் தெரிகிற ஒரே முகம் வதனியுடையதுதான்.