காது எட்டிய வயது

எங்கள் பக்கத்தில் அப்போது பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சீட்டை யாரும் கேட்க மாட்டார்கள். தலைமையாசிரியரின் மேசைக்கு முன்னால் நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். விரல் காதில் பட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது, ஒன்றாம் வகுப்பில் உட்காரலாம். படாவிட்டால் அடுத்த வருடம் வரவேண்டும்.

அப்பா என்னைக் கூட்டிப்போனபோது எனக்கு நான்கு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. என் விரல் காதைத் தொட்டு, அதைத் தாண்டிக் கன்னம் வரைக்கும் வந்தது. கை ஒன்றும் நீளமில்லை. தோள் அப்படி மடங்கியது, அவ்வளவுதான். தலைமையாசிரியர் சிரித்தார். தேதியையும் மாதத்தையும் அப்படியே வைத்து, பிறந்த வருடத்தை மட்டும் ஒன்று முன்னால் தள்ளி அப்பா சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். பெண்ணுக்கு ஒரு வருடம் மிச்சம் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். வழியில் எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

வளைகிற அந்த உடம்புதான் என்னை ஜிம்னாஸ்டிக்ஸில் கொண்டுபோய் விட்டது. தாம்பரத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியில் பி.டி. மிஸ் ஒருவர் மூன்றாம் வகுப்பிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். எங்களிடம் இருந்தவை நான்கு தேங்காய் நார் மெத்தைகள், ஒரே ஒரு இரும்புக் கம்பி, ஒரு பீம். பீம் என்பது இடித்த வீட்டு உத்திரம். ஆசாரி இழைத்துக் கொடுத்ததன்மேல் பழைய கம்பளியைச் சுற்றி ஆணி அடித்திருந்தார்கள். இரண்டு பாதங்களைச் சேர்த்து வைக்க அதில் இடம் போதாது. அதன்மேல்தான் நடந்தேன், திரும்பினேன், கைகளை ஊன்றிக் கரணம் போட்டேன். ஆணித் தலை கிழித்த தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

அப்பா மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். கிராமத்து நிலத்தில் பாதியை மனைகளாக விற்றுப் போட்ட கடை. பொட்டலம் கட்ட வாங்கும் பழைய பேப்பர்க் கட்டில் சில நேரம் வழவழப்பான வெளிநாட்டுப் பத்திரிகைகளும் வரும். ஒரு நாள் அதிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து, மிளகாய்த் தூள் படாமல் சட்டைப் பையில் வைத்து எனக்காகக் கொண்டுவந்தார். பீம் மேல் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு பெண். பின்லாந்துக்காரி, இருபத்திமூன்று வயது, உலகப் போட்டியில் எங்கேயோ ஐம்பதுக்கும் கீழே வந்தவள் என்று மிஸ் படித்துச் சொன்னார். எனக்கு நம்ப முடியவில்லை. ஐம்பதுக்கும் கீழே வந்தவளைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். இருபத்திமூன்று வயது வரைக்கும் அவளை யாரும் போதும் என்று வீட்டுக்கு அனுப்பவில்லை. ஜெயிக்காவிட்டாலும் இதையே செய்துகொண்டிருக்கலாம் போலிருக்கிறதே என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. அந்தப் படத்தைச் சோற்றுப் பசையால் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

எட்டாம் வகுப்பு தொடங்கியபோது மாநில சப்-ஜூனியர் அணிக்குத் தேர்வு வந்தது. பன்னிரண்டு வயது முடியாதவர்களுக்கு மட்டும். மிஸ்ஸும் நானும் மின்சார ரயிலில் போனோம். தரைப் பயிற்சி முடிந்தது, பீம் முடிந்தது, இரண்டிலும் நான் முதல் மூன்றுக்குள் இருந்தேன். பிறகு சான்றிதழ் பார்க்க உட்கார்ந்திருந்தவர் என் தாளைத் தூக்கிப் பார்த்தார். பன்னிரண்டு முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது, நீ தள்ளி நில் என்றார். எனக்கு முன்னால் நின்றவள் என்னைவிட ஒரு தலை உயரம். அவளுடைய தாளில் பத்து வயது என்று போட்டிருந்தது. அவளை எழுதிக்கொண்டார். எனக்கு நிஜத்தில் பதினொன்றுதான், அதைச் சொல்லி மிஸ் சண்டை பிடித்தார். கடைசியில் சான்றிதழ் பார்த்தவர் இறங்கிவந்து, பஞ்சாயத்தில் கொடுத்த பிறப்புச் சீட்டை முதலில் சேர்ந்த பள்ளியில் காட்டி, ஒரு வாரத்துக்குள் வயதைத் திருத்தி எழுதி வாங்கி வந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் கேட்டேன். பீரோவைத் திறந்து குடைந்துவிட்டு, சீட்டைக் கரையான் தின்றுவிட்டது என்றார். பஞ்சாயத்து ஆபீசில் நகல் கேட்கலாமே என்றாள் அம்மா. நாளைக்குப் போகிறேன் என்றார். மறுநாள் சரக்கு இறங்கியது, அதற்கு மறுநாள் கிளார்க் லீவு என்றார். நான் தினமும் பள்ளி விட்டதும் கடை வாசலில் போய் நின்றேன். என் கையில் பொட்டுக்கடலையை அள்ளிக் கொடுத்து அனுப்புவார். ஒரு வாரம் இப்படியே போனது.

அணி போய்விட்டது. மிஸ் மனம் கேட்காமல் என்னைப் பெரியவர்கள் பிரிவில் இறக்கினார். பதினைந்து வயதுப் பெண்களுக்கு நடுவில் நான். அங்கே மேலும் கீழுமாக இரண்டு கம்பிகள் இருந்தன. இரண்டாவது கம்பியை அன்றுதான் நான் கண்ணால் பார்க்கிறேன். தாவினேன், தாடை அடிபட்டு விழுந்தேன், கடைசியாக வந்தேன். அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்குப் போனாலும் காகிதத்தில் நான் ஒரு வருடம் மூத்தவள். பத்தாம் வகுப்பு வந்தது. படிப்பைப் பார் என்றார்கள். நிறுத்திவிட்டேன். பல வருடம் நான் திட்டியது கரையானைத்தான்.

கல்யாணம் ஆகி, பிறந்த வீட்டிலேயே பிரசவம் ஆகி, மகளுக்கும் நான்கு வயது முடிந்தது. நடுவில் எனக்கு இருபத்திமூன்று வந்துபோனது. சான்றிதழ்ப்படி ஒரு தடவை, நிஜப்படி ஒரு தடவை. இரண்டு தடவையும் அந்தப் பின்லாந்துக்காரியை நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் பேத்தியை இந்த வருடமே சேர்த்துவிடலாம் என்றார் அப்பா. எல்லாம் தெரிந்தவர்கள், சர்டிபிகேட் எதற்கு என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. அவளுடைய பிறப்புச் சான்றிதழை எடுக்க நானே பீரோவைத் திறந்தேன். அது இருந்த பிளாஸ்டிக் உறைக்குள், நான்காக மடித்த ஒரு பழைய சீட்டும் இருந்தது. என் பிறப்புச் சீட்டு. கரையான் போட்ட ஓட்டை ஒன்றுகூட இல்லை. மை அழியவில்லை, முத்திரை மங்கவில்லை.

சீட்டை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். அப்பா அதைப் பார்த்தார், வாங்கவில்லை.

“அஞ்சு வயசுன்னு நான்தானே ஹெட்மாஸ்டர் சார்கிட்ட சொல்லி எழுத வெச்சேன்,” என்றார். “அப்பால நாலுதான்னு சீட்ட எடுத்துக்கினு போய் அவர் மூஞ்சில எப்டி முழிக்கிறது? டெய்லி கடைக்கு வர்ற மனுசன்.”

இவ்வளவுதான் காரணம். நான் குட்டைப் பாவாடை போடக் கூடாது என்றோ, பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்றோ சொல்லியிருந்தால்கூட சண்டை போட்டிருப்பேன். ஒரு வாடிக்கையாளரிடம் அசடு வழியப் பயந்து என் பதினோரு வயதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். படத்தைப் பத்திரமாகச் சட்டைப் பையில் கொண்டுவந்து கொடுத்த அதே மனிதர். எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

பள்ளிக்கு அப்பாவும் வந்தார். புதுத் தலைமையாசிரியை தாளைக் கேட்பதற்குள், காதைத் தொட்டுக் காட்டு கண்ணு என்று பேத்தியிடம் சொன்னார். அவள் கையைத் தூக்கினாள். முழங்கை தலைக்குப் பின்னால் மடங்கியது, விரல் காதைத் தாண்டிக் கன்னத்துக்கு வந்தது. டீச்சர் சிரித்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். வேகமாகவே இழுத்துவிட்டேன், பிள்ளை அழுதது. நாலு வயசுதான் டீச்சர், அடுத்த வருசம் வர்றோம் என்று சொல்லிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு வருடம் வீணாகப் போச்சு என்று அப்பா வழியெல்லாம் புலம்பினார்.

அந்த வருடம் முழுக்க அவள் தாத்தாவின் கடையில்தான் விளையாடினாள். ஒரு நாள் அவளைக் கூட்டிப்போகப் போயிருந்தேன். அப்பா உள்ளே துவரம்பருப்பை நிறுக்கச் சொல்ல, தராசோடு நின்றிருந்தேன். வாசலில் சாக்குமேல் பிள்ளை பின்னால் வளைந்து கைகளை ஊன்றி நின்றது. பருப்பு வாங்க வந்திருந்த ஒரு அம்மா ஆச்சரியப்பட்டார்.

அப்பா பெருமையாகச் சொன்னார்: “அவ அம்மா மாதிரி. அவளும் ஸ்டேட்டு வரிக்கும் போனவ. அப்பால வயசாயிட்ச்சின்னு தள்ளிட்டானுங்க.”

தராசை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னேன். அப்பா என் குரலைக் கேட்டதும் தலையைக் குனிந்து பொட்டலத்துக்கு நூல் சுற்றத் தொடங்கினார்.

“வயசாகலங்க. எனக்கு அப்ப பதினொண்ணுதான். இவருக்குத் தெரியும்.”