அக்கா விட்ட கோப்பி

நோன்பு வைத்தால் எனக்குப் பசிக்காது. தாகத்தையும் ஒருவழியாகச் சமாளித்துவிடுவேன். தலைதான் வலிக்கும். முதல் நாள் நண்பகல் லுஹர் தொழுகை நேரம் நெருங்கும்போது இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ மரியாதையாகக் கதவைத் தட்டுவதுபோல ஆரம்பிக்கும். பிற்பகல் அஸர் வருவதற்குள் தட்டுகிறவர் பொறுமை இழந்து கதவை உடைக்கத் தொடங்கியிருப்பார்.

காரணம் எனக்குத் தெரியும். கோப்பி. கிள்ளானில் வீடு, பிரிக்பீல்ட்ஸில் வேலை. வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஒன்று, ரயிலை விட்டு இறங்கியதும் ஒன்று, அலுவலகத்தில் பத்து மணிக்கு ஒன்று. அதற்கப்புறம் குடிப்பதை நான் எண்ணுவதில்லை. எண்ணினால் மனசு கஷ்டப்படும்.

என் வீட்டுக்காரர் கோப்பி குடிக்காதவர். கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க வெந்நீரைக் குடித்துக்கொண்டு, கோப்பி குடிக்காதவர்களுக்கே உரிய அந்த அமைதியான முகத்தோடு உட்கார்ந்திருப்பார். முதல் நோன்பன்று நான் தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"உன் தலை எங்க நோன்பு வைக்குது? அது கோப்பிக்குத் துக்கம் அனுசரிக்குது."

நானும் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் விடியுமுன் சஹர் நேரத்தில் பெரிய மக் நிறையக் கட்டியான கோப்பி குடித்தேன். தலைவலி கொஞ்சம் தாமதமாக வந்தது. அதற்குப் பதிலாகத் தாகம் சீக்கிரமே வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு வருஷம் நெற்றி, பிடரி, காதுமடல் என்று ஓர் இடம் விடாமல் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனேன். கொமுட்டர் ரயிலில் என் பக்கத்து இருக்கை கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரைக்கும் காலியாகவே வந்தது.

இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவர் அக்கா. கூட வேலை செய்கிறவர், செந்தூலிலிருந்து வருகிறவர், என்னைவிட மூத்தவர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கும் சின்ன வக்கீல் அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் எதிரெதிர் மேசை. வீடு வாங்குகிறவர்களின் பத்திரங்களை நான் தட்டச்சு செய்ய, அக்கா சரிபார்ப்பார். பத்து மணியானால் இருவரும் இறங்கிப்போய், பின்சந்தில் ஓர் ஆன்டி நடத்தும் ஒட்டுக்கடையில் கோப்பி வாங்கிக்கொண்டு வருவோம். எனக்குக் கோப்பி ஒரு பழக்கம். அக்காவுக்கு அது குலதெய்வம்.

நான் சொல்லவந்த அந்த வருஷம், முதல் நோன்பன்று அக்கா மட்டும் கீழே போய்விட்டு வந்தார். நேராக ஃபைல் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரம் கழித்துத் திருட்டு முழியோடு வெளியே வந்தார்.

"உள்ள ஒளிஞ்சு குடிச்சேன். உனக்குத் தெரிஞ்சிருச்சா?"

"கீழ பூக்கடைக்கே தெரிஞ்சிருக்கும் அக்கா. அவ்ளோ வாசனை."

அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். என் கை நெற்றிப்பொட்டில் இருப்பதைப் பார்த்தார்.

"நீ தலையைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க. நான் எதுத்தாப்புல உக்காந்து உறிஞ்சிக்கிட்டு இருக்கேன். இது மனுஷத்தனமா? நாளையிலேர்ந்து நோன்பு முடியற வரைக்கும் நானும் கோப்பியத் தொடமாட்டேன்."

"ஐயோ வேணாம் அக்கா. திடீர்னு விட்டா உங்களுக்கும் வலிக்கும்."

"எனக்கா? புரட்டாசி பூரா சைவமா இருக்கறவ நானு. தைப்பூசத்துக்கு விரதம் இருக்கறவ. எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"

"விரதத்துல கோப்பி உண்டா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"கோப்பி சைவம்தானே லா?"

மறுநாள் காலையில் அக்கா உற்சாகமாகத்தான் வந்தார். வீட்டிலும் குடிக்கவில்லையாம். பெருமையாகச் சொன்னார். பத்து மணி வந்தது, போனது. நான் என் வழக்கமான கதவுத்தட்டலுக்காகக் காத்திருந்தேன். எதிர் மேசையில் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், அக்கா ஒரே பக்கத்தை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இந்த லைட்ட மாத்திட்டாங்களா? கண்ணக் கூசுது."

லைட் பழைய லைட்தான். மதியம் அக்கா தோசை சாப்பிட்டார், சட்னியோடு. வயிறு நிறைந்தும் தலை அடங்கவில்லை. துப்பட்டாவை மடித்து நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். அதற்குள் எனக்கும் வலி ஏறிவிட்டது. இருவருமாகச் சேர்ந்து விளக்கை அணைத்துவிட்டோம்.

எங்கள் சீன முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இருட்டில் இரண்டு பெண்கள், நான்கு கைகள், இரண்டு நெற்றிகள்.

"ரெண்டு பேரும் புவாசாவா?" என்று கேட்டார். புவாசா என்றால் மலாயில் நோன்பு.

"யெஸ் பாஸ். எனக்குக் கோப்பி புவாசா," என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே. முதலாளி கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசியில் அக்காவால் உட்காரவும் முடியவில்லை. ஃபைல் அறையில் மூன்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அவரைப் படுக்கவைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன். நோன்பாளி நான், பணிவிடை வாங்கிக்கொண்டு படுத்திருப்பவர் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் தலை விண்ணென்று தெறித்தது.

"ஒரே ஒரு கோப்பி குடிங்க அக்கா. எல்லாம் சரியாயிரும்."

"சொன்னா சொன்னதுதான்," என்று முனகினார். அப்புறம், "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது," என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இதற்குமேல் இவரிடம் சம்மதம் கேட்டுப் பயனில்லை என்று நானே பின்சந்துக்கு இறங்கிப் போனேன். உச்சி வெயில். தலையில் தூடோங் முக்காடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆன்டியின் கடை முன்னால் போய் நின்றேன்.

"ஆன்டி, கோப்பி ஒண்ணு. புங்குஸ், கட்டிக் குடுங்க."

ஆன்டி கையிலிருந்த மக்கைக் கீழே வைத்தார்.

"என்னம்மா, நோன்பு இல்லையா?"

"நோன்புதான். கோப்பி எனக்கில்ல ஆன்டி, அக்காவுக்கு."

"அவ ஏன் வரல?"

"தலைவலி. எந்திரிக்க முடியல."

"எதனால தலைவலி?"

"கோப்பி குடிக்காததால."

"அவ ஏன் குடிக்கல?"

"நான் நோன்புங்கறதால."

சொல்லி முடித்தபோது எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. ஆன்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம்மா, இதைவிட நல்ல கதையெல்லாம் நேத்தே எங்கிட்ட வந்துருச்சி. நோன்பு நேரத்துல முஸ்லிம் ஆளுங்களுக்கு விக்கக்கூடாது. உனக்கு நான் வித்து, யாராச்சும் பாத்து கம்ப்ளெயின் பண்ணா, என் லைசென்ஸுக்கு யாரு பதில் சொல்றது?"

ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு லோரி டிரைவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் நோன்பு வைத்து, ஒரு கோப்பிக்காகச் சந்தில் வைத்துச் சந்தேகப்படும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு வெட்கமாகப் போனது. கைப்பேசியை எடுத்து அக்காவை அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினேன்.

"அக்கா, இந்தக் கோப்பி உங்களுக்குத்தான்னு ஆன்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது. "எனக்குத்தான் கோப்பி வேணாம்னு சொன்னேனே." அவ்வளவுதான். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

லோரி டிரைவருக்குப் புரையேறியது. ஆன்டியும் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, கோப்பியைக் கலக்கிப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டினார்.

"வா. நானே வந்து பாக்கறேன். அண்ணே, அடுப்ப கொஞ்சம் பாத்துக்குங்க," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கோப்பிப் பையை என் கைக்கு எட்டாத பக்கமாகப் பிடித்துக்கொண்டு ஆன்டி நடக்க, பூக்கடைகளையும் பாட்டுச் சத்தத்தையும் தாண்டி, பிடிபட்ட ஆள் மாதிரி நான் அவரோடு நடந்தேன். வாசனை மட்டும் எந்தப் பக்கமிருந்தும் எட்டியது.

மாடியில் அக்காவைப் பார்த்ததும் ஆன்டி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயோ, நெசந்தான் போல!" என்றார். அடுத்த நொடியே குரல் மாறியது. "ஏண்டி, நோன்பு அவளுக்கு. உனக்கு என்ன வந்துச்சி?"

"துணைக்கு ஆன்டி."

"துணைக்கு இருக்கறவ இப்படியா படுத்துக்குவ? வெறும் வயித்தோட அந்தப் பொண்ணு உனக்காக வெயில்ல அலையுது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"குடிங்க அக்கா. நான் பாக்கல."

ஸ்ட்ராவின் முதல் உறிஞ்சல் சத்தம் கேட்டது. பிறகு நீளமாக இன்னொன்று. பாதிப் பை காலியானதும், தானாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வலி போயிருச்சா?"

"போகல. ஆனா கெளம்பிருச்சி."

நான் திரும்பாமலே நின்றேன். சிரிப்பு வந்த அதே நேரத்தில் கண்ணும் கலங்கிவிட்டது. என் தலைவலிக்கு வைத்தியம் சொன்னவர்கள் நிறைய. கேலி செய்தவர்களும் உண்டு, அதில் ஒருவரைத் திருமணமே செய்திருக்கிறேன். ஆனால் எனக்காக அதே தலைவலியைத் தானும் வாங்கிக்கொண்டவர் அதுவரை யாருமில்லை.

சாயங்காலம் கேஎல் சென்ட்ரல் வரைக்கும் இருவரும் சேர்ந்து நடந்தோம். அக்கா வழியில் ஆன்டி கடையில் நின்று இன்னொரு கோப்பி கட்டி வாங்கினார். அதை யாரும் என் கையில் பார்த்துவிடாதபடி ஸ்டேஷன் வாசல்வரை தானே தூக்கிவந்து, அங்கேதான் என்னிடம் கொடுத்தார்.

"பாங்கு சொன்னப்புறம்தான். ஞாபகம் இருக்கட்டும்."

"தெரியும் அக்கா. சின்னப் புள்ளையிலேர்ந்து நோன்பு வைக்கிறேன்."

"சும்மா சொல்லி வெக்கிறேன் லா."

அன்று ரயில் தாமதமாக வந்தது. ஷா ஆலத்துக்கு முன்னால் எங்கேயோ நின்றும்விட்டது. பெட்டிக்குள்ளேயே மஃரிப் ஆனது. சாப்பிடக்கூடாது என்று ஒட்டியிருந்த அறிவிப்பை எல்லாரும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதற்குக் கீழேயே நோன்பு திறந்தோம். நர்ஸ் உடையில் இருந்த ஒரு மலாய்ப் பெண் பேரீச்சம்பழப் பெட்டியை வரிசையாக நீட்டிக்கொண்டே வந்தார். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, என் போத்தல் தண்ணீரைக் குடித்தேன். பிறகு கோப்பிப் பையை வெளியே எடுத்தேன். ஆறிப்போயிருந்தது, இனிப்பும் அதிகம். பெட்டியில் பாதிப்பேர் என்னையே பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. கிள்ளானில் இறங்கும்போது தலை இருக்கும் இடமே தெரியவில்லை.

வீட்டில் கஞ்சியைச் சூடாக்கிவைத்துக் காத்திருந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப இந்த வருஷம் உன் தலைவலியில பாதி அந்த அம்மாவுக்கா? நல்ல மனசு. பெருநாளைக்கு அவங்களுக்கு ஒரு சேலை எடுத்து வெக்கிறேன்."

நான் மறுநாளே அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கோப்பி குடிக்கவேண்டும், ஒளியாமல் குடிக்கவேண்டும், என் எதிரிலேயே உட்கார்ந்து குடிக்கவேண்டும். முதல் இரண்டு நாள் கூச்சப்பட்டார். அப்புறம் ஒவ்வொரு வாய்க்கும் "இன்னிக்கு சீனி கம்மி", "இன்னிக்கு நல்லா கட்டியா இருக்கு" என்று எனக்குச் செய்தி வாசிக்க ஆரம்பித்துவிட்டார். வாரக் கடைசிக்குள் என் தலைவலியும் ஓய்ந்தது. எப்போதுமே அதற்கு அவ்வளவுதான் ஆயுள்.

அடுத்த வருஷம் கிளினிக் டாக்டரிடம் போய்க் கேட்டேன். நோன்புக்கு முந்தின மாதத்திலேயே கோப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், இரவில் நிறையத் தண்ணீர் குடியுங்கள், நேரத்தோடு தூங்குங்கள் என்றார். அப்படியே செய்தேன். குறைக்கக் குறைக்க என் குணம் கெட்டது. சோற்றில் உப்பு என்றேன், விசிறி சத்தம் என்றேன், கடையிலிருந்து கொண்டுவந்த துணியின் நிறமே பிடிக்கவில்லை என்றேன்.

"இப்ப தலைவலி எனக்குத்தான்," என்றார் வீட்டுக்காரர், வெந்நீர் கிளாஸைப் பிடித்தபடி.

ஆனால் டாக்டர் சொன்னது பலித்தது. முதல் நோன்பு முழுக்க ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் அஸருக்குப் பிறகு இடது கண்ணோரம் லேசாக ஒரு தட்டல் கேட்டது. எதிர் மேசையில் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல அக்கா. கொஞ்சம்கூட இல்ல," என்றேன். வலிக்கிறது என்று சொன்னால், அவர் இந்தமுறை எதை விடுவாரோ தெரியாது.