வெல்டிங் வைத்த கேரியர்

வளைகுடாவில், முசஃபா தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறைக்கும் நாங்கள் தங்கும் கேம்ப்புக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர்தான். அதைக் கடக்கக் கம்பெனி பஸ் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. எங்களை முதலில் ஏற்றி, மூன்று சைட் சுற்றி, அங்கே இருக்கிற ஆட்களையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு கடைசியில்தான் கேம்ப்பில் வந்து நிற்கும். அதற்குள் குளியலறையில் வரிசை, அடுப்படியில் வரிசை. ஆறு மணிக்கு டூட்டி முடிந்தவன் ஒன்பது மணிக்குச் சோற்றைப் பார்ப்பான். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது.

கடையில் புது சைக்கிள் வாங்க வக்கில்லை. விசா கேன்சல் ஆகி ஊருக்குப் போகிறவர்கள் மெத்தை, குக்கர், சைக்கிள் எல்லாவற்றையும் கேம்ப்பிலேயே விற்றுவிட்டுப் போவது வழக்கம். பக்கத்து பிளாக்கில் ஒரு பெங்காலி தன் சைக்கிளுக்கு நூற்றைம்பது திர்ஹாம் சொன்னான். அவன் கிளம்பும் நாள் வரை காத்திருந்து, ஏர்போர்ட் வண்டி வாசலில் நிற்கும்போது போய் ஐம்பதை நீட்டினேன். விமானம் ஏறப்போகிறவன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டா போவான்? பூட்டுச் சாவியைக் கொடுத்தான். என்னைவிடச் சாமர்த்தியசாலி இல்லை என்ற நினைப்பு எனக்கு.

கேரியர் உடைந்திருந்தது. என் கீழ்க்கட்டிலில் படுக்கும் சிவகங்கைப் பக்கத்து அண்ணன் எங்கள் பட்டறையில் வெல்டர். ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். சைக்கிள் ஓட்டத் தெரியாது. மதிய இடைவேளையில் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, எனக்காக அதைப் பற்றவைத்துக் கொடுத்தார்.

"நல்லா இழுத்துப் பாரு தம்பி. அரிசி மூட்டையே வைக்கலாம்."

அன்றிலிருந்து பஸ் வருவதற்குள் நான் குளித்துச் சாப்பிட்டுக் காலை நீட்டிப் படுத்திருப்பேன். பார்த்தவர்களுக்கு வயிறெரிந்தது. நானும் சும்மா இராமல், கேன்சல் ஆட்களிடம் அடிமாட்டு விலைக்கு எப்படி வாங்குவது என்று அறை அறையாகப் போய்ப் பாடம் நடத்தினேன். நாலே மாதத்தில் எங்கள் பட்டறையின் பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள்.

மே மாதக் கடைசியில், கேம்ப்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸ் வந்து சைக்கிள்களை விரல் விட்டு எண்ணினான்.

"சப் கே பாஸ் சைக்கிள் ஹை. பஸ் கலாஸ்," என்றான்.

எல்லோரிடமும் சைக்கிள் இருக்கிறது, இனி பட்டறைக்குப் பஸ் கிடையாது. ஒரே ஒரு ஆளுக்காக அனுப்ப முடியாதாம். நயா பைசா செலவில்லாமல், எங்கள் காசிலேயே எங்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் பாவிகள். அதற்கு வழி காட்டிக் கொடுத்தவன் நான்.

அண்ணன் நடந்தார். அந்தக் கொடும் வெயிலில் காலையில் ஐந்து கிலோமீட்டர், மாலையில் ஐந்து. முதல் நாள் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி, "பின்னாடி உக்காருங்கண்ணே," என்றேன். அவர் தான் பற்றவைத்த கேரியரை ஒருமுறை பார்த்தார்.

"டபுள்ஸ் போனா போலீஸ்காரன் சைக்கிளையே தூக்கிட்டுப் போயிருவான். நீ போ தம்பி, சோறு ஆறிப்போயிரும்."

அதில் துளி கோபம் இல்லை. என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லை.

கொஞ்ச நாள், அவரைத் தாண்டும்போது மணி அடித்தேன். அவரும் கை காட்டுவார். பிறகு மணி அடிப்பதை நிறுத்தினேன். ஆகஸ்டில், கராஜ்களுக்குப் பின்னால் சுற்றிப் போகும் ரோட்டைப் பிடித்தேன். அதில் போனால் அவர் நொண்டி நொண்டி நடப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. வழியில் ஒரு டீக்கடை. அண்ணன் கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று தோன்றும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். பிறகுதான் அறைக்குப் போவேன். அப்போது ஏழரை மணி ஆகியிருக்கும். பஸ்ஸில் வந்த நாட்களிலும் சரியாக அதே நேரத்துக்குத்தான் வந்து சேர்வேன்.