பன்னீர்ச் செம்பில் நான் ஊற்றியது

2002-ம் வருடம், ஆயுத பூஜைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. செங்கல்பட்டிலிருந்து காலை ஏழு மணி சுமாருக்குக் கிளம்பும் மின்சார ரயிலில், மகளிர் பெட்டியில் நடந்தது இது. நான் அப்போது எம்.எஸ்ஸி. வேதியியல் முதல் வருடம். தாம்பரத்தில் இறங்கிக் கல்லூரிக்குப் பஸ் பிடிப்பேன். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்க்கும் புத்தி எனக்கு. புதுப் புத்தகம், நனைந்த குடை, லேபில் வரிசையாக நிற்கும் குப்பிகள், எதையும் விட்டதில்லை.

கதை ஆரம்பிப்பது மாமல்லபுரத்தில். என் அண்ணி அங்கே ஒரு விடுதியில் ரிசப்ஷனில் வேலை பார்த்தார். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அறையைக் காலி செய்த வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் கையெழுத்துப் போடக் குனிந்தபோது ஒரு வாசனை வந்தது. மல்லிகைதான், ஆனால் மலர்ந்த பூ இல்லை, மொட்டு. அதற்குப் பின்னால், டீத்தூள் டப்பாவைத் திறந்ததும் வருமே, அந்த உலர்ந்த லேசான கசப்பு. நான் வெட்கமில்லாமல் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். கைப்பையிலிருந்து குப்பியை எடுத்து, கால்வாசி மிச்சமிருந்ததை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டார். மணிக்கட்டில் ஒரு சொட்டு போதும், கூடினால் இது வேறு ஏதோவாகிவிடும் என்று மட்டும் சொன்னார்.

அதை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். கொஞ்சமாக இருக்கும்போது மல்லிகையாக மணக்கிற பொருளே அதிகமானால் குமட்டும் என்று பாடத்தில் படித்தவள் நான்.

எங்கள் பெட்டியில் வருடா வருடம் ஆயுத பூஜை உண்டு. தினமும் ஒன்றாகப் போகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ரயில் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து பெட்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, தோரணம் தொங்கவிட்டு, தரையில் கோலம் போட்டுவிடுவோம். தலைமை, சென்னையில் ஒரு கோர்ட்டில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர். எல்லாருக்கும் அவர் கோர்ட் அக்கா. ரயிலில் நெருப்பு கூடாது என்பதால் கற்பூரமும் ஊதுவத்தியும் அந்த வருடம் கிடையாது என்று அவர் ஒரு வாரம் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாசனைக்குப் பன்னீர் மட்டும்தான். அதைத் தெளிக்கும் வேலை என்னுடையது. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது.

அந்தப் பெட்டியில் இன்னொருவரும் வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். கதவை ஒட்டிய ஜன்னல் ஓரம்தான் உட்காருவார். மார்கழிக் குளிரிலும் ஜன்னலை மூட விடமாட்டார். பக்கத்தில் யாராவது தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்து போய் நிற்பார். ஒருமுறை கோர்ட் அக்கா தன் பூவில் ஒரு முழம் கிள்ளி நீட்டியதற்கு, வேண்டாங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அன்றே பெட்டி தீர்ப்பு எழுதிவிட்டது, திமிர் பிடித்தவர் என்று. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஜன்னல் அக்கா. முந்தைய வருடங்களில் பூஜை அன்று அவர் வேறு பெட்டியில் போய்விடுவார். அந்த வருடம் என்னவோ வந்திருந்தார். அவரே தோரணத்தின் ஒரு முனையைப் பிடித்துக் கட்டவும் கட்டினார்.

தோரணத்துக்காக மேலே சாமான் வைக்கும் பலகை முழுவதையும் காலி செய்து, எல்லாருடைய பைகளையும் பெட்டியின் மறுகோடியில் குவித்து வைத்திருந்தோம். பரனூர் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. சாரல் கோலத்தில் அடித்தது. ஜன்னல் ஷட்டர்களையெல்லாம் இறக்கினோம். எப்போதும் திறந்தே கிடக்கும் இரும்புக் கதவுகளை நாலு பேர் சேர்ந்து இழுத்துச் சாத்தினோம். ஜன்னல் அக்கா தன் ஷட்டரை மட்டும் பாதியில் பிடித்துக்கொண்டார். கோலம் நனைகிறது என்று யாரோ எட்டி அதையும் இறக்கிவிட்டார்கள்.

சிங்கப்பெருமாள் கோயிலில் கதவைத் திறந்து, கூட்டம் ஏறியதும் மறுபடி இழுத்துச் சாத்தினோம். பெட்டி நிரம்பியது, ஏறியவர்களின் பைகளும் அந்தக் குவியலில் சேர்ந்தன. கோர்ட் அக்கா பாட ஆரம்பித்தார். நான் பன்னீர்ச் செம்பின் மூடியைத் திருகி, என் குப்பியில் இருந்த அத்தனையையும் அதில் கவிழ்த்தேன். பன்னீர் பால் மாதிரி வெளுத்தது. அது ஏன் வெளுக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதிலேயே ஒரு பெருமை.

முதல் இரண்டு வரிசையிலும் ஏகப்பட்ட வரவேற்பு. பின்னூசி, ஹேர்பின் விற்கும் அக்கா ஒருவர் வியாபாரத்துக்கு ஏறி, கதவைச் சாத்திவிட்டதால் எங்களோடு மாட்டிக்கொண்டிருந்தார். அவர்மீதும் தெளித்தேன். புறங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, டீக்கடைல குந்திகினு பூ கட்டுன மாரி கீது" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படியே ஜன்னல் அக்காவிடம் வந்தேன். அவர் கையை உயர்த்தி, வேண்டாம்மா என்றார். இது கடைப் பன்னீர் இல்லை, வெளிநாட்டு சென்ட் என்று விளக்கினேன். மறுபடியும் வேண்டாம் என்றார். இந்தத் தடவை புடவைத் தலைப்பை மூக்கருகே பிடித்திருந்தார். எங்களைப் பார்த்து அருவருப்புப் படுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பாட்டை நிறுத்திய கோர்ட் அக்கா பின்னாலிருந்து, "விடுடி, நம்ம கை பட்டா அவங்களுக்கு ஆகாது" என்றார். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் செம்பைச் சாய்த்து, தலையில், தோளில், தலைப்பில் என்று மூன்று தடவை உதறினேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நானும்தான்.

முதலில் இருமல். யாரோ ஒருவர், பாருங்க நடிப்பை என்று முணுமுணுத்தார். பிறகு இருமல் நின்றுபோய் வேறொரு சத்தம் வந்தது. குக்கர் விசில் அடிக்கும் முன்பு ஒரு சீறல் கேட்குமே, அந்த மாதிரி. அவர் முன்னால் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கழுத்தெலும்புக்கு மேலே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்கு ஞாபகமில்லை. அந்த நேரம் பார்த்து ரயில் சிக்னலுக்கு நின்றது. சங்கிலியை இழுக்கலாம் என்றால் வண்டியே நின்றுதான் இருக்கிறது. மறைமலை நகர் வர இன்னும் தூரம். வெளியே வயலும் மழையும்தான்.

நான் அவர் முதுகைத் தடவப் போனேன். அவர் இரண்டு கையாலும் என்னை நெஞ்சில் தள்ளினார். கோபத்தில் தள்ளுகிறார் என்று நினைத்து மறுபடியும் குனிந்தேன். மறுபடியும் தள்ளினார். பின்னூசி அக்காதான் என் தோளைப் பிடித்து இழுத்தார். "ஒம் மேல தான் அந்த நாத்தம் கீது. தூரப் போ" என்றார்.

நாற்றம். அந்தச் சொல் வந்த பிறகுதான் பெட்டி எப்படி மணக்கிறது என்பதே எனக்கு உறைத்தது. மொட்டும் இல்லை, டீயும் இல்லை. தொண்டையில் வந்து ஒட்டுகிற கெட்டியான இனிப்பு. எனக்கே வாந்தி வரும்போல இருந்தது.

கதவைத் திறக்கப் பார்த்தோம். சாத்தும்போது அசைந்த கதவு இப்போது அசையவில்லை. ஷட்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். மழை உள்ளே அடித்து, கோலம் கலர் கலராக ஓடியது. ஜன்னல் அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய்க் கட்டை விரலால் எதையோ அழுத்துவதுபோலக் காட்டினார்.

"வாயில அடிச்சிக்கிற மருந்தா? வச்சிகிறியா?" என்று பின்னூசி அக்கா கேட்டார். அவர் தலையாட்டினார். எங்கே என்றதற்கு அவர் விரல் நீண்ட திசையில்தான் நாங்கள் குவித்து வைத்த பைகள் இருந்தன.

அறுபது எழுபது பைகள். ஆபீஸ் போகிற பெண்களின் பை, பாதிக்குப் பாதி கறுப்பு ரெக்சின். எந்தப் பை என்று சொல்லவேண்டியவருக்கு மூச்சே இல்லை. கறுப்பா, பிரவுனா என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நான் ஓடிப்போய் அந்தக் குவியலில் மண்டியிட்டேன். எனக்கு ஒரு யோசனை. பூ, பவுடர், திருநீறு எதுவும் மணக்காத பை ஒன்று இருக்குமே, அதுதான் அவருடையது. என் மூக்குக்கு அது தெரியாதா. ஒவ்வொரு பையாக எடுத்து முகர்ந்தேன். எல்லாப் பையிலும் ஒரே வாசனை. என்னுடைய வாசனை. என் விரலிலிருந்து, என் சட்டையிலிருந்து, காற்றிலிருந்து. எத்தனை வருடமாக நான் பீற்றிக்கொண்ட மூக்கு, அன்றைக்குச் செத்துக் கிடந்தது.

அதற்குள் இரண்டு பைகளைத் திறந்து கொட்டிவிட்டார்கள். டிபன் பாக்ஸ் உருண்டது. ஜன்னல் அக்காவின் உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. கோர்ட் அக்கா அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தபடி, எதிரில் இருந்த எங்களையெல்லாம் பார்த்தார். அவருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை என்பது அந்தப் பார்வையில் இருந்தது. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அப்போது பின்னூசி அக்கா சீட்டின் மேல் ஏறி நின்று குரல் கொடுத்தார். ஓடுகிற ரயிலில் பெட்டி முழுக்கக் கேட்கும்படி கூவிப் பழகிய குரல்.

"யாரும் தேடாதீங்க. அவங்கவங்க பைய அவங்கவங்க தூக்கிக்கினு போங்க. மிச்சம் கீறது அந்தம்மாது."

இவ்வளவுதான் விஷயம். படித்த எழுபது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஓடிவந்து தங்கள் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கோர்ட் அக்காவின் பையைப் பக்கத்து சீட்டுக்காரர் எடுத்துப் போனார். குவியல் இடுப்பளவிலிருந்து முழங்காலுக்கு இறங்கி, பத்தாகி, ஐந்தாகியது. கடைசியில் இரண்டு பைகள் நின்றன. இரண்டும் கறுப்பு. ஒரு கணம் எனக்கும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. இன்னும் எடுக்காத ஆள் நான்தான். கிழிந்த ஜிப் என்னுடையது என்று கத்தினேன்.

மற்றதைப் பின்னூசி அக்கா கவிழ்த்தார். சீப்பு, சீசன் டிக்கெட், சாப்பாடு, ஒரு மூக்குக் கண்ணாடி உறை. உறைக்குள் கண்ணாடி இல்லை. கைக்குட்டையில் சுற்றி, நீல நிறத்தில் அந்த ஆஸ்துமா மருந்து இருந்தது. யார் கண்ணிலும் படாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்.

முதல் தடவை அழுத்தியது வீணானது, இருமல் வெளியே தள்ளிவிட்டது. இரண்டாவது உள்ளே போனது. மூன்றாவதும் போனது. நான் பெட்டியின் மறுகோடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கழுத்துக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது உள்ளே போவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ரயில் நகர்ந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

மறைமலை நகரில் கதவை வெளியிலிருந்து இரண்டு பேர் தள்ளித் திறந்தார்கள். அவரை இறக்கி பெஞ்சில் உட்கார வைத்தோம். கோர்ட் அக்காவும் பின்னூசி அக்காவும் கூட இறங்கினார்கள். நானும் இறங்கி, கூரை இல்லாத இடமாகப் பார்த்து மழையில் போய் நின்றேன். தண்டனைக்காக இல்லை. அந்த வாசனை போனால்தான் அவரிடம் போய்ப் பேச முடியும்.

சொட்டச் சொட்ட நனைந்த பிறகு, இரண்டு தூண் தள்ளி நின்று மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு விட்டிருக்கலாம். அவசரக்காரி, ஒரு வார்த்தை எங்களிடம் சொல்லியிருக்கலாமே அக்கா என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார். புகை கிடையாது என்று கேள்விப்பட்டதால்தான் இந்த வருடம் தைரியமாக வந்தாராம். பூவும் சாமியும் தனக்கு மட்டும் ஆசையில்லையா என்றார். அப்புறம் என்னை நேராகப் பார்த்தார்.

"ரெண்டு தடவ வேண்டாம்னு சொன்னேனேம்மா. அதுக்கு மேல என்ன சொல்லணும்?"

கோர்ட் அக்கா தலையிலிருந்த பூவை மெதுவாக எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். பின்னூசி அக்கா அடுத்த ரயிலுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் அக்கா பத்து நாள் கழித்துத்தான் வேலைக்கு வந்தார். கதவோர ஜன்னலை அதன் பிறகு எந்த மழையிலும் யாரும் மூடவில்லை. அவர் எனக்குத் தோழியெல்லாம் ஆகவில்லை. பார்த்தால் லேசாகத் தலையசைப்பார், அவ்வளவுதான். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கும் உரிமை இல்லை.

நான் இன்னும் எல்லாவற்றையும் முகர்ந்துகொண்டுதான் இருக்கிறேன். நல்லதாக ஒன்று கிடைத்தால் பத்துப் பேரிடம் நீட்டாமல் இருக்க முடியாத புத்தியும் போகவில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்டு நிற்பதில்லை. அவருடைய மூச்சு எதில் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும் என்று கையை இழுத்துக்கொள்கிறேன்.