ஒரே பதிலை மூன்று பேர் சொன்ன மேடை

1. சைகை

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு பொங்கல் விழா. பிற்பகல் நாலு மணி. மண்டபம் நிறைந்த சனம். நான் பின்சுவரோடு, ஒலி மிக்சருக்குப் பின்னால் நிற்கிறேன். மேடையில் வேட்டி கட்டிய இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் மற்ற மூன்று பையன்களை மேடைக்குக் கூப்பிடுகிறான். முன்வரிசையில் இருந்த தமிழ்ச் சங்கத் தலைவர் என் பக்கம் திரும்பி, கையால் காற்றை அறுத்துக் காட்டுகிறார். மைக்கை மூடு என்று அர்த்தம். என் விரல் ஃபேடரில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபொத்தானில், இருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: "அக்கா, உங்கட வேலையில ஆகப் பெரிய சிக்கல் எது?" மழையில் நனைந்த ஸ்பீக்கர், நடு நிகழ்ச்சியில் போன கரண்ட், இப்படி ஏதாவது சொல்வேன் என்று பார்ப்பார்கள். நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். இதில் ஒரு கேபிள்கூடப் பழுதாகவில்லை.

2. என்னையும் போட்டியையும் பற்றி

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தபோது எனக்கு இருபது வயது. கொஞ்சக் காலம் ஹோட்டலில் படுக்கை விரிக்கும் வேலை செய்தேன். அது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. மேடை ஒலி, ஒளி வேலைக்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்தேன். அந்த வகுப்பில் பெண் நான் ஒருத்திதான், தமிழும் நான் ஒருத்திதான். ஒரு கையில் ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக் காட்டிய நாளோடு கேலி நின்றது.

என் முதல் முதலாளி ஒரு ஜெர்மன்காரர், கறாரான மனிதர். அவர் எனக்குச் சொல்லித்தந்த விதி இது: மேடையில் என்ன பேசுகிறார்கள் என்பது நமது வேலை அல்ல, அது கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்பதே நமது வேலை. இருபது வருடத்துக்கு மேலாக அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்தேன். கல்யாணத்திலும் கட்சிக் கூட்டத்திலும் அது என்னைக் காப்பாற்றியது.

இனிப் போட்டி. அந்தச் சங்கம் ஒவ்வொரு பொங்கலுக்கும் 'ஆண்டின் இளைஞன்' தெரிவு நடத்துகிறது. முதலில் வேட்டி, சால்வையோடு மேடையில் நடக்கவேண்டும். பிறகு பாட்டோ பறையோ கூத்தோ, ஏதாவது ஒரு திறமையைக் காட்டவேண்டும். பிறகு ஊருக்குச் செய்த வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். கடைசிச் சுற்றில் ஒரு கேள்வி கேட்பார்கள். கடதாசி இல்லாமல் தமிழில் பதில் சொல்லவேண்டும். வெல்கிறவனுக்கு ஒரு கப், சங்க நிர்வாகக் குழுவில் ஒரு வருடத்துக்கு ஒரு கதிரை, அதாவது ஓர் உறுப்பினர் இடம், ஒரு வோட்.

பார்க்கிறவர்களுக்கு இது அழகுப் போட்டி மாதிரித்தான் தெரியும். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் அந்த வருடம் பையன்கள் கப்புக்கு வரவில்லை, கதிரைக்கு வந்தார்கள்.

காரணம் ஓர் அறை. சங்கக் கட்டடத்தில் பின்பக்கம் இருக்கும் அந்த அறையில் சனிக்கிழமைகளில் இந்தப் பையன்கள் சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். ஜெர்மன் விளங்காத பெரியவர்களின் கடிதங்களை வாசித்து, விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதும் அங்கேதான். அந்த அறையைச் சாமான் அறை ஆக்கப்போவதாக நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது. கல்யாணங்களுக்குக் கொடுக்கும் மணவறை அலங்கார மேடையும், பொங்கல் பானைகளும், பெரிய சமையல் கிடாரங்களும் வைக்க இடமில்லையாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு. அந்தக் கூட்டத்தில் இளம் ஆட்களில் வாய் திறக்கக்கூடியவன் போட்டியில் வென்றவன் ஒருவன்தான்.

3. சவுண்ட்செக்

போட்டியாளர்கள் நாலு பேர். சயந்தன், லக்ஷன், அபிராம், நிருஷன். அபிராம் சங்கத் தலைவரின் மகன், கம்ப்யூட்டர் படிக்கிறான். நிருஷன் வைத்தியசாலையில் தாதி வேலைக்கு அவுஸ்பில்டுங் செய்கிறான். விழாவன்று காலையில் நாலு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டுச் சட்டையில் மைக் பூட்டினேன்.

"தம்பி, வன் டூ த்ரீ சொல்லாதேங்கோ. பின்னேரம் என்ன கதைக்கப்போறீங்களோ அதைக் கதையுங்கோ. அப்பதான் சரியான சத்தம் எனக்குத் தெரியும்" என்றேன்.

சயந்தன் சொன்னான்: "தமிழ் எங்கள் மூச்சு! மூச்சு நின்றால் உடல் எதற்கு?" நல்ல குரல். அடுத்து லக்ஷன் வந்தான். தமிழ் எங்கள் மூச்சு. பிறகு அபிராம். மூச்சு நின்றால் உடல் எதற்கு. நிருஷனும் அதையே சொன்னான், கொஞ்சம் மெதுவாக.

என்னோடு வெளிச்சத்துக்கு நின்ற ஜெர்மன் பையனுக்குத் தமிழில் 'வணக்கம்' மட்டும்தான் தெரியும். அவனே கேட்டான், நாலு பேரும் ஒன்றைத்தானே சொல்கிறார்கள் என்று. "ஒருத்தனைப் பார்த்து மற்றவன் சொல்லுறான். மைக் டெஸ்ட் தானே" என்று நான் பெரிய ஆள் மாதிரிச் சொல்லிவிட்டேன். தமிழ் தெரியாதவனின் காதில் விழுந்தது என் காதில் விழவில்லை.

4. மூச்சு மூன்று தரம் நின்றது

கடைசிச் சுற்றில் நாலு பேருக்கும் ஒரே கேள்விதான். அதனால் முறை வரும்வரை மற்றவர்களைச் சத்தம் கேட்காத ஒரு அறையில் இருத்தி வைப்பார்கள். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் கேள்வி வருடா வருடம் மாறாது: புலம்பெயர்ந்த நாட்டில் தமிழை வளர்ப்பதில் இளைஞர்களின் பங்கு என்ன? இது ஊருக்கே தெரியும். தெரிந்தால் எங்கள் தாய் தகப்பன்மார் என்ன செய்வார்கள்? நாலு வீடும், ஒரு வீட்டுக்கு மற்ற வீடு தெரியாமல், ஒரே தமிழ்ப் பள்ளிக்கூட மாஸ்டரிடம் போய்ப் பதில் எழுதி வாங்கியிருக்கிறது. பேச்சுப்போட்டிக்கு எழுதி வாங்கிப் பழகிய கை. மாஸ்டரும் ஒரு பதிலை எழுதி நாலு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டார். "நாலு வீட்டுக்கு நாலு பதில் எழுத எனக்கென்ன விசரா?" என்று பிறகு என்னிடமே கேட்டார்.

சயந்தன் பேசினான். பலத்த கைதட்டல். லக்ஷன் வந்து "தமிழ் எங்கள் மூச்சு" என்று வலது கையை உயர்த்தினான். முன்னவன் உயர்த்திய அதே இடத்தில். சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. அபிராம் வந்து அதே மூச்சை விட்டபோது மண்டபம் வெடித்துச் சிரித்தது. பின்வரிசைப் பிள்ளைகள் அவனோடு சேர்ந்து ஒப்புவித்தார்கள். பாவம், என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. முகம் சிவக்கச் சிவக்க, பாடமாக்கியதைக் கடைசிச் சொல் வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான்.

காலையில் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் பையன்கள் தங்களுக்குள் பேசி ஏதாவது செய்திருப்பார்கள். என்ன பேசுகிறார்கள் என்பது நமது வேலை அல்ல என்ற விதிக்குப் பின்னால் நான் சுகமாக ஒளிந்திருந்தேன்.

அறிவிப்பாளரின் மைக்கை மண்டபத்துக்கு மூடியிருந்தேன், ஆனால் என் ஹெட்போனில் அது கேட்டுக்கொண்டிருந்தது. தலைவர் எழுந்து போய் அவர் காதில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "இந்தமுறை கப் மட்டும் குடுப்பம். கதிரை இல்லை. சொந்தமா நாலு வசனம் கதைக்கத் தெரியாததுகள் வந்து என்னத்தை வோட் பண்ணுறது?"

கதிரை போனால் அறையும் போச்சு. இது தெரியாமல் நாலாவது ஆளாக நிருஷன் மேடைக்கு வந்தான்.

5. நாலு மைக்

இறங்கிய பிறகு விஷயம் அறிந்த அபிராம், காத்திருந்த அறைக்குள் போய் நடந்ததை அவனுக்குச் சொல்லியிருக்கிறான். நிருஷனிடம் இருந்தது அதே பதில்தான், வேறு எதுவும் இல்லை. கேள்வி கேட்கப்பட்டது. மேடையில் வெறுமையாக நிற்கும் பத்து வினாடி எவ்வளவு நீளம் என்று மிக்சருக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியும்.

"எனக்கும் அந்த மூச்சுத்தான் பாடம்" என்றான் கடைசியில். சனம் சிரித்தது. அவனும் சிரித்தான். "அதைத் திருப்பிச் சொல்ல ஏலாது. மற்ற மூண்டு பேரும் இஞ்ச வாங்கோ, ப்ளீஸ்."

மூன்று பேரும் தயங்கித் தயங்கி வந்தார்கள். அப்போதுதான் தலைவரின் கை காற்றை அறுத்தது. நான் அசையவில்லை என்று கண்டதும் எழுந்து நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"பிள்ளை, மைக்கை மூடுங்கோ. மானம் போகுது."

"பழுது ஒண்டும் இல்லையே, அண்ணை."

"உங்களைக் கூப்பிட்டது நாங்கள்."

"ஓம் அண்ணை. எல்லாருக்கும் கேக்கவேணும் எண்டுதானே கூப்பிட்டனீங்கள்."

சொல்லிக்கொண்டே மற்ற மூன்று ஃபேடரையும் மேலே தள்ளினேன். அந்தச் சங்கத்தின் எல்லா விழாவும் என் கம்பனிக்குத்தான் வரும். அது அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். ஆனாலும் அந்த நேரம் மைக்கை மூடுவதும் ஒரு பேச்சுத்தான், அதை என் விரல் பேசக்கூடாது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

மேடையில் நிருஷன் தொடர்ந்தான். "அந்தப் பதில் எழுதினது ஆர் எண்டு நான் சொல்ல மாட்டன். வாங்கிப் பாடமாக்கினது நாங்கள். அது எங்கட பிழை. இப்ப உங்களுக்கு எங்களிட்ட என்ன கேக்கவேணுமோ, கேளுங்கோ. நாலு பேரும் பதில் சொல்லுறம். எங்கட தமிழ் உடையும். நீங்கள் கொஞ்சம் பொறுக்கவேணும்."

நடுவரிசையில் ஒரு தாய் எழுந்தார். மைக் இல்லாமலே அவர் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "என்ர மகள் சனிக்கிழமையில உங்கட அறையிலதான் கணக்குப் படிக்கிறாள். அதைச் சாமான் அறை ஆக்கினால் அவள் எங்க போறது?"

"அக்கா, எனக்குத் தெரியாது" என்றான் நிருஷன். சனம் முணுமுணுத்தது. அவன் மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "சாமானுக்கு இடம் வேணும், அது உண்மைதானே. எவ்வளவு இடம் வேணும்?"

அதன் பிறகு நடந்ததைப் போல ஒன்றை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை. நாலு பேரும் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பாதித் தமிழ் பாதி ஜெர்மனில், கூட்டம் போடத் தொடங்கினார்கள். கிடாரங்கள் தங்கள் வீட்டுக் கெல்லரில், அதாவது நிலக்கீழ் அறையில், கொள்ளும் என்றான் சயந்தன். பானைகளுக்கு லக்ஷன் சுவரில் அலுமாரி பூட்டித் தருவானாம். மிஞ்சியது மணவறை. அது பெரிய சாமான், கழற்றினாலும் ஒரு சுவர் நீளம் வரும். மூன்று பேரும் யோசித்துக்கொண்டு நின்றார்கள்.

அபிராம் மெல்ல முன்னுக்கு வந்தான். நான் அவன் ஃபேடரை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

"அப்பா," என்றான், "எங்கட கராஜில கார் நிண்டு நான் ஒரு நாளும் காணேல்ல. பழைய சோபாவும் வேலை செய்யாத ரெண்டு பிரிட்ஜும்தான் கிடக்குது."

"ஓம், உண்மைதான்!" என்று முன்வரிசையில் இருந்து தலைவரின் மனைவி குரல் கொடுத்தார். அதோடு மண்டபம் தாங்கவில்லை. இந்தத் தடவைச் சிரிப்பு வேறு. பையன்களும் சேர்ந்து சிரித்த சிரிப்பு அது.

தலைவர் என் பக்கத்திலேயே நின்றார். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாத முகம். மிக்சருக்குப் பக்கத்தில் உதிரி மைக் ஒன்று எப்போதும் வைத்திருப்பேன். அதை அவரிடம் நீட்டினேன். "அண்ணை, உங்களுக்கும் ஒண்டு இருக்கு."

வாங்கினார். இருமினார். பிறகு கேட்டார்: "சரி. கராஜைத் துப்புரவாக்கிறது ஆர்?"

"நாங்கள்!" என்றார்கள் நாலு பேரும்.

"அப்ப அறையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில கதைப்பம். ஆர் வந்து கதைக்கிறது எண்டதை நடுவர்மார் சொல்லட்டும்."

6. பிறகு

நடுவர்கள் நிருஷனைச் சொன்னார்கள். கப்போடு கதிரையும் அவனுக்கே. ஞாயிற்றுக்கிழமை அவன் போனான். அறை தப்பியது. மற்ற மூன்று பேருக்கும் கதிரை இல்லை, ஆனாலும் அவர்கள் இல்லாமல் இப்போது அந்தச் சங்கத்தில் ஒரு மேசைகூட நகராது. பெரியவர்கள் முதலில் அவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். அதற்காகப் பையன்களின் தமிழ் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. இன்றைக்கும் உடைகிறது. உடைந்தாலும் சொந்தமாகப் பேசுகிறார்கள், சனம் காத்திருந்து கேட்கிறது. போட்டியின் கடைசிக் கேள்வியை இப்போது சபையில் இருப்பவர்கள்தான் கேட்கிறார்கள். மாஸ்டருக்குப் பெரிய நிம்மதி.

என் வேலை போகவில்லை. அடுத்த வருடமும் தலைவர் என்னைத்தான் கூப்பிட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார், உதிரி மைக்கைத் தொடக்கத்தில் இருந்தே தன் கையில் தரவேண்டுமாம்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கேபிள் சுற்றப் பழக ஒரு கிழமை போதும், மிக்சர் பழக ஒரு வருடம் போதும். எப்போது கையை வைக்காமல் இருக்கவேண்டும் என்பதைப் பழக எனக்கு இருபது வருடம் எடுத்தது. அன்றைக்கு நான் ஒரு விரலால் ஃபேடரைக் கீழே இழுத்திருந்தால், அந்த நாலு பேருக்கும் பேசத் தெரியாது என்றுதான் ஊர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கும். அவர்களும் அதை நம்பியிருப்பார்கள்.