பத்து லட்சத்து ஒன்றின் அசல்

துறைத் தேர்வு மதிப்பெண் பற்றிய முறையீட்டுக்கு முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. போர்ட் பிளேருக்கும் மெட்ராஸுக்கும் நடுவே கடல் இருப்பதை அந்த விதியை எழுதியவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

அறுபதுகளின் நடுவில் அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். தேர்வில் தேறினால் மெட்ராஸுக்கு மாற்றல். மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம் தூத்துக்குடியில் தன் அம்மாவிடம்தான் என்று பிடிவாதமாக இருந்தாள்; நான் இல்லாமல் கப்பலேறவும் மாட்டேன் என்றாள். ஏழு மாதம் தாண்டினால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். நான் ஒரு மதிப்பெண்ணில் தோற்றேன்.

பத்து லட்சத்து ஒன்று பகா எண்ணா என்பது கேள்வி. இல்லை என்று எழுதியிருந்தேன். பகா எண்தான் என்றது அவர்களின் விடைக்குறிப்பு. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று எதனால் வகுத்தாலும் இரண்டு மீதி வரும். தொண்ணூற்றேழு வரை எதுவுமே வகுக்காது. ஆயிரம் வரை பார்க்க வேண்டிய விடைக்குறிப்புக்காரர் அங்கேயே பேனாவை மூடிவிட்டார். அடுத்த பகா எண் நூற்றொன்று. அதை ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றால் பெருக்கினால் கேள்வியில் இருந்த எண் வந்துவிடும்.

பெருக்கிக் காட்டி முறையீடு அனுப்பினேன். கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம் இல்லை என்று திரும்பி வந்தது. பத்துபஸ்தியில் இருந்த கால்நடை டாக்டரிடம் போனேன். அவரும் கெஜட்டட் அதிகாரிதான்; திருநெல்வேலிக்காரர்.

"நகலுக்குத்தான்வே ஒப்பம் போடுவேன். அசல் எங்க?"

"பெருக்கலுக்கு ஏது சார் அசல்?"

"அப்ப மாட்டக் கொண்டாரும். சினையா இல்லையான்னு எழுதித் தாரேன்."

அங்கேயே உட்கார்ந்து இன்னொரு தாளில் அதே பெருக்கலை எழுதினேன். முதல் தாள் அசலாயிற்று. இரண்டிலும் இலக்கங்கள் ஒத்திருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பார்த்து, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தினார். பெருக்கல் சரியா என்று அவர் பார்க்கவில்லை. அது அவர் வேலையும் அல்ல.

முறையீட்டை மறுபடி அனுப்பிவிட்டு, பதிலுக்காக ஒவ்வொரு கப்பலுக்கும் துறைமுகத்துக்கு ஓடினேன். தபால் பைகள் இறங்கும்வரை கால் ஓரிடத்தில் நிற்காது. மனம் அந்த எண்ணையே உருட்டிக்கொண்டிருக்கும். இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றே. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் பத்தாயிரத்து மூன்றுதான், ஆகவே குறைவெண். இதை வீட்டில் சொன்னது தவறு.

"நீங்க வகுத்துக்கிட்டே இருங்க. நான் இங்கயே பெத்துக்கறேன்" என்றாள் மனைவி.

அப்படியே ஆயிற்று. மின்னி பே பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் வலி கண்டது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள்தான், "டரோ மத், பேட்டி", பயப்படாதே மகளே, என்று இந்தியில் சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை வந்தாள். மனைவி வழியெல்லாம் தன் அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள்.

என் விடை சரியென ஏற்று, தேர்ச்சியும் மாற்றலும் தந்து பதில் வந்தபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். உறையின் மேல் எங்கள் அலுவலக முத்திரை: பெற்ற நாள், 9 பிப்ரவரி 1967.